போகும்போது மட்டும் நிற்கும் மாருதி 800: ஒரு நிகழ்வு ஆய்வு

வண்டி 1996 மாடல் மாருதி 800. கார்புரேட்டர் வகை, 796 சிசி, மூன்று சிலிண்டர். பாளையங்கோட்டை மகாராஜ நகரில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவருடையது. வாங்கிய நாளிலிருந்து அவர் ஒருவர் கையில்தான் ஓடியிருக்கிறது. பாடியில் துரு குறைவு. ஒருமுறை ரிங் மாற்றியதைத் தவிர இன்ஜினைத் திறந்ததில்லை. ஆர்சியை ஐந்தைந்து வருடமாகப் புதுப்பித்து, அக்கறையாக வைத்திருக்கிறார். உள்ளூரில் கடை, கோயில், வங்கி என்று தினமும் ஓட்டம் உண்டு. மகள் நாகர்கோவிலில் இருப்பதால் அவரும் அவர் மனைவியும் மாதம் ஒருமுறையாவது அங்கே போய் வருவார்கள்.

புகார் இதுதான். நாகர்கோவில் போகும் வழியில் வண்டி திணறும், இழுவை விட்டுப்போகும், கொஞ்ச தூரம் குலுங்கிக் குலுங்கிப் போய் நின்றுவிடும். ஓரம் கட்டிக் கால் மணி நேரம் சும்மா இருந்தால், செல்ஃப் அடித்ததும் கிளம்பிவிடும். போன வருடம் ஆனியில் ஆரம்பித்தது. இந்த வருடம் ஆடியில் வண்டி என்னிடம் வந்தது.

வரும்போதே கையில் ஒரு கற்றை பில். பிளக், பிளக் ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, ரோட்டர், காயில், பெட்ரோல் பம்ப், ஃபில்டர், பானெட்டுக்குள் இருக்கும் ஹோஸ்கள் எல்லாம் புதிது. கார்புரேட்டர் ஒருமுறைக்கு மேல் கழற்றிச் சுத்தம் பண்ணப்பட்டிருந்தது. பார்த்த பட்டறைகள் எல்லாமே சொன்ன முடிவு ஒன்றுதான்: ஏர் லாக், அதாவது சூட்டில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வது. ஒருவர் பம்ப் மேல் ஈரத்துணி சுற்றிக்கொண்டு போகச் சொல்லியிருந்தார். சாரும் பின் சீட்டில் ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய துண்டும் வைத்திருந்தார்.

ஏர் லாக் என்றது ஒன்றும் பொறுப்பில்லாத பேச்சு கிடையாது. இந்த வகை வண்டியில் பெட்ரோல் பம்ப் இன்ஜினோடு ஒட்டியே இருக்கிறது. கேம் ஷாஃப்ட் அதன் கையை அழுத்தி அழுத்தி விட, உள்ளே இருக்கும் டயாஃபிரம் ஏறி இறங்கி, பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து பெட்ரோலை இழுக்கிறது. இன்ஜின் சூடு பம்புக்கும் ஏறும். பெட்ரோலில் இருக்கும் லேசான பகுதிகள் 40 டிகிரியை ஒட்டியே ஆவியாக ஆரம்பித்துவிடும். பம்புக்குத் திரவத்தைத் தள்ளத்தான் தெரியும். ஆவி வந்தால் அதை அமுக்கி அமுக்கி விடுமே ஒழிய நகர்த்தாது. கத்திரி வெயிலில் பாளையங்கோட்டையில் பானெட்டைத் திறந்தாலே முகத்தில் அறையும் அனலைப் பார்த்தவர்கள் முதலில் இதைத்தான் நினைப்பார்கள். பழைய பியட் வண்டிகளில் இது நிஜமாகவே அடிக்கடி வந்த நோய்.

ஆனால் சார் வேறொன்றும் கொண்டுவந்திருந்தார். ஒரு நோட்டு. தேதி, கிளம்பிய நேரம், கிலோமீட்டர், எங்கே நின்றது, வானம் எப்படி இருந்தது, எவ்வளவு நேரம் கழித்துக் கிளம்பியது எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தார். முன்பு பார்த்த எந்தப் பட்டறையும் அதை வாங்கிப் பார்க்கவில்லையாம். நான் அன்றிரவு அதைத்தான் படித்தேன், வண்டியைத் தொடவில்லை.

“தம்பி, போகும்போது மட்டும்தான் நிக்குது. வரும்போது ஒரு தொந்தரவும் கிடையாது, பாத்துக்கிடுங்க” என்று அவர் முதல் நாளே சொன்னார். நோட்டும் அதையேதான் சொன்னது. காலையில் போகும்போது நின்ற வண்டி, மத்தியானம் இரண்டு மூன்று மணி வெயிலில் அதே சாலையில் திரும்பும்போது ஒருமுறைகூட நிற்கவில்லை. நின்ற இடங்களில் பெரும்பாலானவை காவல்கிணறு தாண்டி, முப்பந்தலுக்கும் ஆரல்வாய்மொழிக்கும் நடுவில். இரண்டொன்று பணகுடி பக்கம். வண்ணார்பேட்டை நெரிசலில் ஊர்ந்து நின்ற நாட்களில் ஒன்றுமில்லை. மாதங்களைப் பார்த்தால் ஆனி, ஆடி, ஆவணி. புரட்டாசியில் பம்ப் மாற்றியதும் சரியாகிவிட்டது என்று எழுதி, அடியில் கோடு போட்டிருந்தார். ஐப்பசி, கார்த்திகையில் நிற்கவில்லை. சித்திரையில் பேரப்பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டபோது, கத்திரிக்குள் போய்வந்தும் நிற்கவில்லை. மறுபடி ஆனியில் ஆரம்பித்துவிட்டது.

சூட்டினால் வரும் கோளாறு சித்திரையை விட்டுவிட்டு ஆடியில் வருமா? உண்மையான ஏர் லாக் எப்படி வரும் என்று எனக்குத் தெரியும். நீண்ட தூரம் ஓடிய வண்டியை டீக்கடையில் பத்து நிமிடம் நிறுத்துவார்கள். ஓடும்போது அடித்த காற்று நின்றுபோய், இன்ஜின் சூடு முழுக்க பம்ப் மேல் ஏறும். திரும்பி வந்து செல்ஃப் அடித்தால் கிளம்பாது. அல்லது நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஆஃப் ஆகும். அந்த நோயில் வண்டியை நிறுத்தினால் கொஞ்ச நேரத்துக்கு நிலைமை இன்னும் மோசமாகும். இந்த வண்டியோ நிறுத்தினால் குணமாகிறது, ஓட்டினால் படுக்கிறது.

ஆனி, ஆடியில் அந்தச் சாலையில் என்ன மாறுகிறது என்று நம் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். காற்று. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பீறிக்கொண்டு வருவதால்தானே முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள். காவல்கிணறு விலக்கில் கன்னியாகுமரிச் சாலையை விட்டு நாகர்கோவில் பக்கம் திரும்பினால், வண்டி மேற்கே பார்க்கும், காற்று நேரே முகத்தில் அடிக்கும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் தள்ளும்.

மறுநாள் இதைச் சாரிடம் சொன்னதும் அவர் பேனாவை எடுத்துவிட்டார். “ஸ்கொயர்ல ஏறும்லா தம்பி!” காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். வண்டி 70ல் போகிறது, எதிர்க்காற்று 30 என்று வைத்தால், வண்டிக்கு அது 100ல் போவதற்குச் சமம். 100ஐ 70ஆல் வகுத்து இருமடியாக்கினால் இரண்டு வருகிறது. அதாவது அதே 70 வேகத்துக்குக் காற்றோடு மட்டும் இரண்டு மடங்கு மல்லுக்கட்ட வேண்டும். வரும்போது அது 40ல் போவதற்குச் சமம்; எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும். போவதற்கும் வருவதற்கும் ஆறு மடங்கு வித்தியாசம். சின்ன இன்ஜின், முக்கால்வாசி ஆக்ஸிலேட்டர் மிதித்தபடி, கிலோமீட்டர் கணக்கில் இடைவிடாமல் பெட்ரோல் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஊருக்குள் அந்த நிலை ஒருபோதும் வராது. சித்திரையில் காற்று இல்லாததால் அப்போதும் வராது.

அப்படியானால் தேட வேண்டியது, கேட்கும் அளவுக்குப் பெட்ரோல் வந்து சேராத இடம். பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷனும் பளுவில் கைவிடும் என்பது உண்மைதான். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற, பிளக்கில் பொறி பாய அதிக வோல்ட் வேண்டும். நலிந்த காயில் அப்போது தோற்கும். ஆனால் காயில் போனால் பெரும்பாலும் சுவிட்சை அணைத்தது போல வெட்டும். இது முதலில் இழுவை குறைந்து, பிறகு குலுங்கி, அப்புறம்தான் நிற்கிறது. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் கொஞ்சப் பெட்ரோல் தீரும்வரை ஓடுகிறது என்று அர்த்தம். ஊகம் அந்தப் பக்கம் சாய்ந்தாலும், நின்ற இடத்திலேயே இரண்டையும் பார்த்துவிடுவது என்று முடிவு பண்ணினேன்.

பட்டறையில் நிற்க வைத்துப் பார்த்தவை: கம்ப்ரஷன் (பிஸ்டன் அமுக்கும் அழுத்தம்) மூன்று சிலிண்டரிலும் 11 கிலோவை ஒட்டி, பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. வால்வ், கேஸ்கெட் பக்கம் போக வேண்டியதில்லை. பிளக் மூன்றும் கரி பிடித்துக் கறுப்பாக இருந்தன; யாரோ இழுவைக்காகப் பெட்ரோலைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். டைமிங்கும், அதாவது பிளக்கில் பொறி பாயும் நேரமும், முன்னே தள்ளி வைக்கப்பட்டிருந்தது. பம்ப் வெளிவாயை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, காயில் ஒயரைக் கழற்றி எர்த் பண்ணிவிட்டு செல்ஃப் அடித்தால், பீச்சிப் பீச்சி நன்றாகவே வந்தது. செல்ஃப் வேகத்தில் பம்ப் இழுப்பது கொஞ்சம்தான். அதை வைத்துக் காவல்கிணற்றில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரு பில்லில் “லைன் ஏர் அடித்தது” என்று இருந்தது. முன்பக்கம் பம்ப் ஹோஸைக் கழற்றி, அதில் கம்ப்ரஸர் காற்றை விட்டு, டேங்கில் கொப்பளிக்கும் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பார்கள். கேட்டால் அடைப்பு இல்லை. எல்லோரும் செய்வது அதுதான். இந்த வண்டியிலும் கொப்பளித்திருக்கிறது. எல்லோரும் பின்பக்கத்தை மறந்ததற்கு இந்தச் சோதனைதான் காரணம்.

சரி, சாலையில் போய்ப் பார்ப்போம் என்று, பம்புக்கு உள்ளே போகும் ஹோஸில் ஒரு டி இணைப்புப் போட்டு, அதிலிருந்து ஒரு வேக்கும் கேஜ் எடுத்தேன். பம்ப் எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதை அது பாதரச அங்குலத்தில் காட்டும். கேஜை வண்டிக்குள் கொண்டுவரக் கூடாது. அந்தக் குழாயில் பெட்ரோல் ஏறும். பானெட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, முன் கண்ணாடிக்கு வெளிப்புறம் டேப் போட்டு ஒட்டினேன். முள் உள்ளிருந்தே தெரியும். தீயணைப்பு சிலிண்டர் ஒன்றைக் காலடியில் வைத்துக்கொண்டோம். ஆடிக் காலை, காற்று நன்றாக அடிக்கும் நாளாகப் பார்த்துக் கிளம்பினோம். ஸ்டியரிங் சாரிடம், பக்கத்தில் நான், பின்னால் பட்டறைப் பையன்.

மூன்றடைப்பு, நாங்குநேரி, வள்ளியூர் வரை முள் 2 அங்குலத்தை ஒட்டியே நின்றது. பணகுடியில் 3. காவல்கிணறு திரும்பியதும் காற்று வந்து அறைந்தது. சார் ஆக்ஸிலேட்டரை மிதித்தார். முள் 4க்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் 6. கால் அதே இடத்தில்தான் இருக்கிறது, வேகமும் கூடவில்லை, முள் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. 9 தாண்டியதும் முள் நடுங்க ஆரம்பித்தது. அப்புறம்தான் வண்டி குலுங்கியது. கோளாறு இன்ஜினுக்குத் தெரிவதற்கு முன்பே கேஜுக்குத் தெரிந்துவிட்டது.

ஓரம் கட்டியதும் ஒரு நிமிடம்கூட வீணாக்கவில்லை. பெட்ரோல் இணைப்பு எதையும் திறப்பதற்கு முன், ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, உபரி பிளக்கை மாட்டி, இன்ஜினில் ஒட்ட வைத்து செல்ஃப் அடித்தோம். நீலமாக, பளிச்சென்று பொறி வந்தது. கரண்ட் பக்கம் குற்றம் இல்லை. அடுத்து டேங்க் மூடி. மூடியின் காற்று ஓட்டை அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி இதே மாதிரி வண்டி நிற்கும். பையன் மூடியைத் திறந்தான். உஸ் என்ற சத்தம் இல்லை. நான் கேஜையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூடி திறந்த பிறகும் முள் 9ஐ விட்டு இறங்கவில்லை.

இந்த வேலையில் நான் தேடியது அதைத்தான். டேங்குக்கு வெளிக்காற்று வந்தாகிவிட்டது. ஆனால் பம்ப் பக்கம் இன்னும் வெற்றிடம். நடுவில் ஏதோ ஒன்று மூடிக்கொண்டு நிற்கிறது. முள் மெல்ல மெல்ல இறங்கியது. 7, 5, 3. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வர ஏறக்குறைய சார் நோட்டில் எழுதியிருந்த அதே கால் மணி நேரம் ஆனது. செல்ஃப் அடித்ததும் வண்டி கிளம்பியது. பம்ப் மேல் நாங்கள் துணியும் போடவில்லை, தண்ணீரும் ஊற்றவில்லை.

பட்டறைக்கு வந்து டேங்கைக் காலி பண்ணி, பின்பக்கம் தூக்கினோம். டேங்கிலிருந்து வெளிவரும் குழாயையும் வண்டிக்கு அடியில் ஓடும் இரும்புக் குழாயையும் இணைக்கும் ஒரு சாண் ஹோஸ். கீழே படுத்து, கழுத்தைத் திருப்பினால்தான் கண்ணில் படும். வெளியே விரிசல் இல்லை, கசிவு இல்லை, அமுக்கினால் கெட்டியாகவே இருந்தது. கழற்றி மேஜையில் வைத்து, பிளேடால் நீளவாக்கில் கீறினேன்.

“அண்ணாச்சி, உள்ள என்னமோ நாக்கு மாதிரி தொங்குது” என்றான் பையன்.

அப்படித்தான் இருந்தது. உள்சுவரின் ரப்பர் தோல் ஊறி, உப்பி, ஒரு பக்கம் உரிந்து நின்றது. சுண்டுவிரல் நகம் அகலம், அதைவிடக் கொஞ்சம் நீளம். அதன் வேர் பம்ப் பக்கம், நுனி டேங்க் பக்கம். டேங்கிலிருந்து பெட்ரோல் மெதுவாக வரும்போது சுவரோடு படிந்து கிடக்கும். வேகமாக இழுத்தால் ஓட்டம் நுனியைத் தூக்கிவிடும், துவாரம் சுருங்கும், பம்ப் இன்னும் பலமாக இழுக்கும், அது இன்னும் இறுக மூடும். முன்பக்கமிருந்து காற்று அடித்தால் எதிர்த்திசை. நுனி போகும் திசையிலேயே காற்றும் போவதால் தோல் படுத்து வழி விடும். டேங்கில் கொப்பளிப்புக் கேட்கும். அடைப்பு இல்லை என்று எழுதிவிடுவார்கள். ஒரு கூட்டத்தையே ஏமாற்றியது ஹோஸின் இந்த ஒருவழி குணம்தான்.

ஏர் லாக் என்று சொன்னவர்கள் கண்ணால் பார்த்ததும் பொய் இல்லை. வண்டி நின்றபோது முன்னால் இருக்கும் ஃபில்டரில் குமிழ்களைப் பார்த்ததாகச் சார் நோட்டிலேயே இருக்கிறது. காற்றழுத்தம் பாதரச அளவில் 30 அங்குலம். அதில் 10 அங்குலம் பம்ப் இழுத்தே குறைந்துவிட்டால், குழாய்க்குள் மிச்சம் மூன்றில் இரண்டு பங்கு. அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும். ஆவி வந்தது நிஜம். ஆவியை வரவழைத்தது வண்டியின் பின்பக்கத்தில் இருந்த அடைப்பு. ஈரத்துணி போட்டதும் வண்டி கிளம்பியதும் இப்படித்தான். துணியை நனைத்துப் போட்டுக் காத்திருந்த நேரத்தில் முள் இறங்கியிருக்கும். புரட்டாசியில் மாற்றிய பம்புக்குக் கிடைத்த நல்ல பெயர், காற்று நின்றதால் கிடைத்தது.

அந்த ஹோஸ் எப்போது வந்தது? சார் பழைய பில்களையும் வைத்திருந்தார். சில வருடங்களுக்கு முன் டேங்கில் கசிவு என்று இறக்கி ஒட்டவைத்தபோது போட்டது. மேலே எந்த அச்சும் இல்லாத சாதாரணக் கறுப்பு ரப்பர் டியூப். அன்றைய பெட்ரோலில் எத்தனால் குறைவு. 2022ல் 10 சதவீதம் ஆனது, 2025ல் 20ஐத் தொட்டது. எத்தனால் பழைய வகை ரப்பரை ஊறவைக்கும், உப்பவைக்கும். பழைய டேங்கில் படிந்திருக்கும் பிசினையும் கரைத்து இழுத்து வரும். இந்த ஃபில்டரிலும் பழுப்பாக அது இருந்தது. 1996ல் செய்த வண்டியின் ரப்பர் சாமான்களை இந்தப் பெட்ரோலை மனதில் வைத்து யாரும் செய்யவில்லை. அதனால் பழைய கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் டேங்க் முதல் கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் ஒரே தடவையாக மாற்றிவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து. வாங்கும்போது மேலே எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சு இருக்கிறதா என்று பாருங்கள். உள்பூச்சு வேறு வகை ரப்பர், எத்தனாலைத் தாங்கும். விலை கூடுதல்தான். ஆனாலும் இந்த வண்டிக்கு ஆன மொத்த ஹோஸ் செலவு, முன்பு மாற்றிய காயில் ஒன்றின் விலையைத் தாண்டவில்லை.

மாற்றியது அவ்வளவுதான்: எல்லா ஹோஸும், ஃபில்டரும், வெட்டாத வகை கிளிப்புகளும். திருகு கிளிப்பை வெறியாக முறுக்கினால் அது ரப்பரைக் கீறி, உள்தோல் உரிய வழி பண்ணிக் கொடுக்கும். பிறகு முன்னே நடந்த வைத்தியங்களைத் திருப்ப வேண்டியிருந்தது. தள்ளி வைத்த டைமிங்கைப் புத்தக அளவுக்குக் கொண்டுவந்தேன். மேட்டில் கேட்டுக்கொண்டிருந்த டிக் டிக் சத்தம் அதோடு போனது. கூட்டி வைத்த பெட்ரோலைக் குறைத்தேன், ஆனால் பழைய அளவுக்கே இறக்கவில்லை. சுத்தமான பெட்ரோல் ஒரு கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் அதே ஜெட்டில் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தால் கலவை சற்று மெலிந்துவிடும். சென்சார் வைத்த வண்டி தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு நாம்தான் ஸ்க்ரூவைத் திருப்ப வேண்டும். புகைச் சோதனையில், அந்தக் கால வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட 3 சதவீத கார்பன் மோனாக்சைடுக்கு நன்றாகக் கீழே வந்தது.

கேஜைக் கழற்றாமல், ஆடிக் காற்று ஓய்வதற்குள் மறுபடி அதே சாலைக்குப் போனோம். காவல்கிணறு தாண்டி, அதே வேகம், அதே மிதி. முள் 2க்கு மேல் போகவில்லை. தோவாளை வரை போய்த் திரும்பினோம். சாருடைய மனைவிக்கு அவர் அங்கிருந்தே போன் போட்டுச் சொன்னார். வயதான இரண்டு பேர் அந்தக் காற்றில், லாரிகள் உரசிப் போகும் சாலையோரத்தில், ஒரு வருடத்துக்கும் மேலாகத் துண்டை நனைத்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கையில் நோட்டு இருந்தும் ஒருவரும் கேட்கவில்லை என்பதுதான் எனக்கு இன்றும் ஆறாத விஷயம். எங்கே நிற்கிறது என்று எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். எங்கே நிற்கவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தால், பம்ப் வாங்கிய பணமும் காயில் வாங்கிய பணமும் மிஞ்சியிருக்கும்.

வண்டியில் இன்னும் பார்க்க வேண்டியவை உண்டு. பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்குப் போகும் தடித்த ரப்பர் பழையது. அதற்கு ஏற்ற அளவில் நல்ல சாமான் தேடிக்கொண்டிருக்கிறேன். கார்புரேட்டருக்குள் இருக்கும் ஆக்ஸிலேட்டர் பம்ப் டயாஃபிரம் இப்போது நன்றாக இருக்கிறது, ஆனால் அதுவும் ரப்பர்தான். அடுத்த ஆனிக்கு முன்னால் இரண்டையும் மாற்றிவிடுவதாகச் சாரிடம் சொல்லியிருக்கிறேன். அவர் அதையும் தேதி போட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.